தவராசாவின் பூட்டுக் கத்தி

ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு நகைக்கடைக்கும் ஒரு பயணப்பெட்டிக் கடைக்கும் நடுவில் நெருக்குப்பட்டு நிற்கும் சின்னக் கடை தவராசாவினுடையது. பாஸ்போர்ட் படம் எடுப்பார், போட்டோக்கொப்பி அடிப்பார், பிறப்புச் சான்றிதழுக்கு பிளாஸ்ரிக் உறை போட்டுக் கொடுப்பார். வயது அறுபத்தொன்று. ‘நாடியைத் தூக்குங்கோ, சிரியாதேங்கோ’ என்று ஒரு நாளைக்கு அறுபது தரமாவது சொல்வார். சொல்லியும் ஆட்கள் சிரித்துவிடுவார்கள். தவராசாவின் முகத்தைப் பார்த்தால் ஒருவருக்கும் பயம் வராது.

சாவகச்சேரியில் இருந்து எண்பத்தொன்பதில் புறப்பட்டவர். கொழும்பு, மொஸ்கோ, வார்சோ, பெர்லின் என்று நான்கு நகரத்துப் பொலிசும் அவரைப் பிடித்து வைத்திருக்கிறது. நான்கு தரமும் அவரிடம் இருந்தது ஒரு சீப்பும் இரண்டு சட்டையும்தான். கடைசியில் பாரிசில் இறங்கி, ஒரு உணவகத்தின் குசினியில் பதினெட்டு வருசம் நின்றார். மகள் றொஷானி ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்று மனைவி நகுலேஸ்வரி ஒற்றைக்காலில் நின்றதால், பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டோடு இரண்டாயிரத்துப் பத்தில் லண்டனுக்கு வந்தார்கள். றொஷானி படித்து முடித்து மான்செஸ்டரில் வேலைக்கும் போய்விட்டாள். தவராசாவின் ஆங்கிலம் மட்டும் நாடியைத் தூக்குவதோடு நின்றுவிட்டது. பதற்றப்பட்டால் அதுவும் பிரெஞ்சாகிவிடும்.

அவரிடம் ஒரேயொரு இரகசியம் இருந்தது. பாரிசில் ஒருநாள் வெங்காயப் பெட்டியோடு நிலவறைப் படியில் விழுந்து, மேல்வரிசையில் முன்பற்கள் ஐந்தைப் பறிகொடுத்திருந்தார். அந்த இடத்தில் இப்போது இருப்பவை கட்டுப்பல். இது பல் கட்டிய வைத்தியருக்கும் நகுலேஸ்வரிக்கும் மட்டுமே தெரியும். றொஷானிக்கே தெரியாது. மற்றவர்களுடைய முகத்தைப் படம் பிடித்துப் பிழைக்கிறவர், தன் முகத்தில் ஒரு பகுதி கழற்றி வைக்கக்கூடியது என்று ஊருக்குத் தெரிவதை விரும்பவில்லை.

கட்டுப்பல்லால் எல்லாம் செய்யலாம், ஒரு அப்பிளைக் கடிக்க மட்டும் ஏலாது. கடித்தால் பல் அப்பிளிலேயே நின்றுவிடும். டொக்டரோ கொலஸ்ரரோலுக்கு நாளுக்கொரு அப்பிள் சாப்பிடச் சொல்லியிருந்தார். அதனால் தவராசா ஒரு கத்தி வைத்திருந்தார். பாரிசில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய மடக்குக் கத்தி அது. மரப்பிடி, நாலு விரல் அகல நீளத்தில் அலகு. விரித்ததும் கழுத்தில் உள்ள வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். வெட்டும்போது தவறி மடங்கி விரலைப் பதம் பார்க்காது. அங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரியும் குமாஸ்தாவும் பொக்கற்றில் இருந்து இப்படி ஒன்றை எடுத்துப் பாண் வெட்டுவார்கள். தவராசாவும் பதினைந்து வருசமாக மத்தியானம் ஒரு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு, பூங்காவில் பின்பக்கமாக ஒரு மர வாங்கில் இருந்து, அப்பிளை எட்டுத் துண்டாக வெட்டிச் சாப்பிட்டு வந்தார். அலகைக் கைலேஞ்சித் துணியில் துடைத்து மடித்து, அதிலேயே சுற்றி, கோட்டின் உள்பொக்கற்றில் வைப்பார். அது ஒரு ஆயுதம் என்ற எண்ணம் அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை.

கத்தி வைத்திருப்பவர்களைப் பற்றி அவருக்கு மிகக் கடுமையான கருத்து இருந்தது. தெருவில் இரண்டு மூன்று கைபேசிப் பறிப்பும், பஸ் தரிப்பில் ஒரு கத்திக்குத்தும் நடந்த பிறகு, கடைக்காரர்கள் கூடி வர்த்தகர் பாதுகாப்புக் குழு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பக்கத்து நகைக்கடைக் கௌசிகன் தலைவர். சேலைக்கடை ஜெயகௌரி உபதலைவர். சொந்தமாக பிரிண்டர் வைத்திருந்ததால் தவராசா செயலாளர். ‘கத்தியோடு தெருவில் இறங்குபவர் யாராக இருந்தாலும் தயவுதாட்சணியம் காட்டலாகாது’ என்று தமிழில் அவர் எழுதிய விண்ணப்பத்தை றொஷானி ஆங்கிலமாக்கினாள். அறுநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துச் சேர்ந்தது. ரெயில் நிலைய வாசலில் உலோகம் கண்டுபிடிக்கும் வளைவு ஒன்று வைக்கவேண்டும், போகிற வருகிறவர்கள் அதற்குள்ளால் நடக்கவேண்டும் என்பது கோரிக்கை. ஆறு மாதம் கழித்துப் பொலிஸ் சம்மதித்தது.

சித்திரை மாதத்துச் சனிக்கிழமை, காலை பதினொரு மணி. வளைவு வந்தது. விமான நிலையத்தில் நிற்குமே, அதே மாதிரி. குழு முழுவதும் வடிவாக உடுத்தி வந்து நின்றது. நகுலேஸ்வரியின் தம்பி பிரதாபனும் ஃபாரஸ்ட் கேட்டில் உள்ள தன் பலசரக்குக் கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு வந்திருந்தான். ஆனால் வளைவைக் கண்ட சனம் மறுபக்கத்தால் சுற்றிக்கொண்டு போயிற்று. ஐந்து நிமிடமாக ஒருவரும் அதற்குள் வரவில்லை. பொலிசார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

“ஆரும் ஒராள் முதல்லை போய்க் காட்டினால்தான் சனம் வரும்,” என்றார் கௌசிகன்.

தவராசா கழுத்தில் தொங்கிய கமராவைக் கழற்றிப் பிரதாபனிடம் கொடுத்தார். “நான் போறன். நல்ல படமா ஒண்டு எடு.”

கோட்டை இழுத்துவிட்டு, நாடியைத் தூக்கி, மற்றவர்களுக்குச் சொல்லும் புத்தியை மறந்து வாய் நிறையச் சிரித்தபடி வளைவுக்குள் நடந்தார். பிரதாபன் கமரா விசையை அமத்தினான். அதே கணத்தில் வளைவு சிவப்பாகி அலறியது.

கடைத் திறப்புக் கோர்வையைத் தட்டில் போட்டுவிட்டு மீண்டும் நடந்தார். அலறியது. கைபேசி, இடுப்புப் பட்டி. அலறியது. தவராசாவுக்கு இன்னும் சிரிப்பு மாறவில்லை. இயந்திரம் பிழை என்று நினைத்தார். ஒரு இளம் பொலிஸ்காரன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கோட்டைத் தடவி, உள்பொக்கற்றில் இருந்து கைலேஞ்சிப் பொட்டலத்தை எடுத்தான். அதை விரித்தபோது, ஆறு மாதமாக விண்ணப்பம் எழுதிய செயலாளரின் மடக்குக் கத்தி வெயிலில் மினுங்கிற்று.

அதிகாரியாக நின்ற உயரமான பொலிஸ்காரி அலகை விரித்தார். வளையத்தைத் திருப்பினார். மடக்கிப் பார்த்தார், மடங்கவில்லை. அவருடைய முகம் மாறியது. இதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். தவராசாவின் வாயில் வந்தது பிரெஞ்சு. பொலிஸ்காரி கைபேசியில் மொழிபெயர்ப்புச் சேவை ஒன்றை அழைத்து, தமிழ் வேண்டும் என்றார். ஒலிபெருக்கியில் சென்னைத் தமிழில் ஒரு பெண் குரல் வந்தது.

“வணக்கம் சார். இத எதுக்காக வச்சிருக்கீங்கன்னு கேக்குறாங்க.”

“பழம் வெட்ட,” என்றார் தவராசா. “அப்பிள்.”

“ஆப்பிள கத்தி இல்லாம சாப்பிட முடியாதான்னு கேக்குறாங்க சார்.”

தவராசா திரும்பிப் பார்த்தார். மூன்றடி தள்ளிக் கௌசிகன். அவருக்குப் பக்கத்தில் ஜெயகௌரி. பிரதாபன் கமராவைக் கண்ணில் இருந்து எடுக்கவேயில்லை. கட்டுப்பல் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

“அது என்ரை தனிப்பட்ட விசயம்,” என்றார்.

அது ஆங்கிலமாகிப் போனது. பொலிஸ்காரியின் புருவம் உயர்ந்தது. பிறகு ஏன் இதில் பூட்டு இருக்கிறது என்று கேட்டார்.

“பூட்டு பாதுகாப்புக்குத்தான்,” என்றார் தவராசா.

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் பெருமூச்சு விட்டுக்கொண்டு வந்து நின்றது. ‘பூட்டு’ அந்தச் சத்தத்தில் அமிழ்ந்து போக, ‘பாதுகாப்புக்குத்தான்’ மட்டும் சென்னைக்காரியின் காதில் விழுந்திருக்க வேண்டும். அவள் தனிப்பட்டதையும் பாதுகாப்பையும் ஒன்றாகச் சேர்த்து, ‘தன்னுடைய தனிப்பட்ட பாதுகாப்புக்காக வைத்திருக்கிறாராம்’ என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னாள். தவராசாவுக்கு அந்த ஆங்கிலத்தில் இரண்டு சொல் விளங்கியது. கேட்க மரியாதையாகத்தான் இருந்தது. பாதுகாப்புக் குழுவின் செயலாளர் பாதுகாப்பு என்ற சொல்லுக்குப் பயப்படுவாரா? “யெஸ், யெஸ்,” என்று தலையாட்டினார். பொலிஸ்காரி அதைக் குறிப்புக் கொப்பியில் எழுதிவிட்டு அவரைக் கைது செய்தார்.

அவ்வளவு மரியாதையாக அவரை முன்னர் ஒருவரும் கைது செய்ததில்லை. பொலிஸ் வானில் ஏறும்போது தலை இடிபடாமல் கையை வைத்துப் பிடித்தார்கள். நிலையத்தில் தேத்தண்ணி கொடுத்து, மரக்கறியா என்று கேட்டு, சூடாக்கிய சாப்பாடும் கொடுத்தார்கள். ஒரு சார்ஜன்ட், வேறொரு மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு, நீண்ட பட்டியல் ஒன்றைக் கேட்டார். இருதய நோய் உண்டா, சலரோகம் உண்டா, உடலில் செயற்கையாக ஏதாவது பொருத்தப்பட்டிருக்கிறதா. கடைசிக் கேள்விக்குத் தவராசா வாயை இறுக மூடிக்கொண்டு இல்லையென்று தலையாட்டினார். பின்னேரம் விட்டுவிட்டார்கள். கத்தியை விடவில்லை. இரண்டு மாதத்தில், பொது இடத்தில் கத்தி வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டிக் கடிதம் வந்தது.

அதற்குள் பிரதாபன் எடுத்த படம் ஈஸ்ட் ஹாமில் இருந்து டொரொன்டோ வரைக்கும் போய்விட்டது. தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரிய, நாடியைத் தூக்கிச் சிரித்துக்கொண்டு நடந்து வரும் தவராசா. அந்தச் சிரிப்பைப் பார்த்தவர்கள் அப்பாவி என்று எண்ணவில்லை, திமிர் என்று எண்ணினார்கள்.

கௌசிகன் குழுவை அவசரமாகக் கூட்டி, செயலாளரை இடைநிறுத்தினார். கூட்டக் குறிப்பு எழுத ஆளில்லாததால், இடைநிறுத்திய தீர்மானத்தையும் தவராசாவே எழுதவேண்டியிருந்தது. மறுநாள் காலை கடை திறந்த கையோடு அதே கௌசிகன் உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணை, குறை நினையாதேங்கோ. குழுவுக்காகச் செய்தது. நீங்கள் செய்ததிலை பிழை இல்லை.”

“நான் ஒண்டும் செய்யேல்லைத் தம்பி. அது அப்பிள்…”

“விளங்குது அண்ணை, விளங்குது,” என்று கண்ணைச் சிமிட்டினார் கௌசிகன். “அப்பிள்தான். நானும் ஒண்டு வைச்சிருக்கிறன்.” சட்டைப் பையில் இருந்து விரல் பருமனில் ஒரு குப்பியை எடுத்து மேசையில் வைத்தார். “ஜெர்மனியிலை மச்சான் வாங்கித் தந்தவர். மிளகுத்தூள் ஸ்ப்ரே. நாய்க்கு எண்டுதான் எழுதியிருக்கு. இது பரவாயில்லைத்தானே?”

தவராசாவுக்குத் தெரியவில்லை. ஆனால் அன்று பின்னேரமே தெரிந்துகொள்ளும் வாய்ப்பு வந்தது. செவன் கிங்ஸில் அலுவலகம் வைத்திருந்த தாரிணி என்ற இளம் வழக்கறிஞரிடம் நகுலேஸ்வரி அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். தாரிணி லண்டனில் பிறந்தவள். தமிழ் கதைப்பாள், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கால் வைப்பாள்.

“அங்கிள், மடக்குக் கத்தி, மூண்டு இஞ்சிலும் சின்னன், பூட்டு இல்லை எண்டால் பிரச்சினை இல்லை. உங்கட கத்திக்குப் பூட்டு இருக்கு.”

“பூட்டு இல்லாட்டி விரல் போயிடும் பிள்ளை.”

“சட்டத்துக்கு உங்கட விரல் முக்கியம் இல்லை, அங்கிள். பூட்டு இருந்தால் நல்ல காரணம் காட்ட வேணும். வேலை, சமயம், அப்பிடி ஏதாவது. நீங்கள் பாதுகாப்புக்கு எண்டு சொல்லியிருக்கிறீங்கள். அது காரணம் இல்லை. குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி.”

“தன்னைப் பாதுகாக்கிறது குற்றமோ?”

“பாதுகாக்கலாம். அதுக்கெண்டு சாமான் கொண்டு திரிய ஏலாது.”

“அப்ப வெறுங்கையோடை நிக்கிற ஆளை ஆர் பாதுகாக்கிறது?”

“பொலிஸ்.”

“பொலிஸ் வரமுந்தி?”

தாரிணி யோசித்தாள். “விசில் வைச்சிருக்கலாம்,” என்றாள்.

தவராசா கௌசிகனின் குப்பியைப் பற்றி, யாரோ ஒருவருடையது என்று சொல்லிக் கேட்டார். தாரிணி பேனையைக் கீழே வைத்தாள். “அது துவக்குச் சட்டத்துக்குள்ள வரும் அங்கிள், துப்பாக்கி வைச்சிருக்கிற மாதிரி. யாருடையது எண்டு எனக்குச் சொல்லாதேங்கோ.”

துவக்கு என்ற செய்தியைக் கேட்ட கௌசிகன் கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டார். பிறகு தெருச் சனம் ஆளாளாகத் தவராசாவிடம் வரத் தொடங்கியது. போட்டோக்கொப்பி அடிக்க வருகிறமாதிரி வந்து, மற்ற ஆட்கள் போகும் வரைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று, பிறகு கேட்பார்கள். ஜெயகௌரி கைப்பையில் இருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்தார். உள்ளே இருந்தது மிளகாய்த்தூள்.

“சமையலுக்கு எண்டு சொல்லலாம்தானே அண்ணை?”

“பவுடர் டப்பாவுக்குள்ளை ஏன் வைச்சிருக்கிறீர் எண்டு கேட்டால்?”

ஜெயகௌரி டப்பாவைக் கவலையோடு பார்த்தார். “முகத்திலை தூவ வசதியா இருக்கும் எண்டுதான்.”

“அதைச் சொல்லாதேயும்,” என்றார் தவராசா.

பிரதாபன் காரில் ஒரு கிரிக்கெட் மட்டை வைத்திருந்தான். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவன் மட்டை பிடித்ததே இல்லை. “பந்தும் ஒண்டு வாங்கி வை,” என்று தவராசா ஆலோசனை சொன்னார். பிரதாபன் பந்தும் வாங்கினான், பிறகு பயத்தில் காலில் கட்டும் காப்புத் தட்டை இரண்டும் வாங்கினான். ஒருவர் திருப்புளி. ஒருவர் மீன் வெட்டும் கத்தரிக்கோல். ஒரு அம்மா தொப்பி பின்னும் ஊசி வைத்திருந்தார், நூல் இல்லாமல். வந்தவர்கள் எல்லோரும் விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்தவர்கள். தவராசா ஒவ்வொருவருக்கும் தாரிணி சொன்ன சட்டத்தைப் பொறுமையாக விளக்கி, கடைசியில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வார்: “ஆர் கேட்டாலும் பாதுகாப்புக்கு எண்டு மட்டும் சொல்லிப் போடாதேங்கோ.” அப்படியென்றால் எதைத்தான் வைத்திருக்கலாம் என்று கேட்பார்கள். விசில் என்பார். அவர்கள் முகம் விழுந்துபோகும்.

இத்தனையும் தவராசாவுக்குள் ஏதோ செய்யத் தொடங்கியது. பயணப்பெட்டிக் கடைக்காரர் ஆறு வருசமாகத் தன் பெட்டிகளைத் தவராசாவின் வாசலில் பாதி தூரத்துக்கு அடுக்கிவைப்பார். எத்தனையோ தரம் கெஞ்சிக் கேட்டும் அசையாதவர். படம் பரவிய வாரம் ஒரு காலையில் வாசல் வெறுமையாகக் கிடந்தது. ஒரு பெட்டிகூட இல்லை. கடைக்காரர் தூரத்தில் நின்று கையை உயர்த்தி வணக்கம் சொன்னார். பஸ் தரிப்பில் கூட்டமாக நிற்கும் இளைஞர்கள் வழிவிட்டு, “ஓல் ரைட், அங்கிள்?” என்றார்கள். பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்களிடம் சிரியாதேங்கோ என்று சொல்லும் தேவையே இல்லாமல் போயிற்று. ஒருவரும் சிரிக்கவில்லை.

தவராசா நெஞ்சை நிமிர்த்தி மெதுவாக நடக்கப் பழகினார். வலது கையைக் கோட்டின் உள்பக்கம் வைத்துக்கொண்டு நடந்தார். அங்கே கைலேஞ்சி மட்டும்தான் இருந்தது.

“இஞ்சருங்கோ, கையை வெளியிலை எடுங்கோ,” என்றாள் நகுலேஸ்வரி, ஒருநாள் மரக்கறிக் கடையில் வைத்து. “நெஞ்சு நோவோ எண்டு கல்லாவிலை நிக்கிற பெடிச்சி கேக்குது.”

“உமக்கு விளங்காது.”

“எனக்கு நல்லா விளங்குது. வெண்டிக்காயை எடுங்கோ.”

பள்ளிக்கூடக் குசினியில் வேலை செய்யும் நகுலேஸ்வரிக்கு, நாளுக்கு நானூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு வந்த பழக்கத்தில், ஆண்கள் எப்போது சும்மா பெரியாள் வேசம் போடுகிறார்கள் என்று பார்த்தவுடன் தெரியும். ஆனால் அவள் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. அவர் இரவில் கழற்றித் தண்ணீர்க் கோப்பையில் போடும் பல்லையும் அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை.

விசாரணைக்கு மூன்று வாரம் இருக்கும்போது தாரிணி மீண்டும் அழைத்தாள். பொலிஸ்காரியின் சட்டையில் இருந்த கமராவின் பதிவு வந்திருந்தது. தாரிணி அதை நாலு தரம் போட்டுக் கேட்டாள். பஸ்சின் சத்தத்துக்கு அடியில், காதைக் கூர்மையாக்கினால், பூட்டு என்ற சொல் கேட்டது.

“இது காணும், அங்கிள். மொழிபெயர்ப்புப் பிழை எண்டு காட்டலாம். ஆனால் அப்பிள் வெட்டத்தான் எண்டு கோர்ட் நம்ப வேணும். ஏன் கடிச்சுச் சாப்பிடேல்லை எண்டு நிச்சயமாக் கேப்பினம்.”

தவராசா சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார்.

“தனிப்பட்ட விசயம் எண்டு சொன்னதுதான் கூடப் பிழையாப் போச்சு,” என்றாள் தாரிணி. “என்ன அது?”

தவராசாவின் கண்ணில் வெறுமையான வாசலும், வணக்கம் சொன்ன கடைக்காரரும் வந்துபோனார்கள். “பிள்ளை, அப்பிளைப் பற்றிக் கதையாமல் இதை வெல்ல ஏலாதோ? கொஞ்சம் கௌரவமா?”

“ஏலும். குற்றவாளி எண்டு ஒத்துக்கொள்ளலாம். கூடினது நாலு வருசம் சிறை. உங்களுக்கு அவ்வளவு வராது. ஆனால் குற்றப் பதிவு இருக்கும், கௌரவமா.”

நகுலேஸ்வரி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். சொல்லட்டுமா என்று அவளுடைய பார்வை கேட்டது. வேண்டாம் என்று அவர் தலையசைத்தார். “கோர்ட்டிலை நானே சொல்லுறன்,” என்றார். ஆனால் சொல்லப்போகிறவரின் குரல் போல அது இல்லை.

விசாரணை அன்று பார்வையாளர் இருக்கைகள் நிரம்பிவிட்டன. கௌசிகன், ஜெயகௌரி, பிரதாபன், பயணப்பெட்டிக் கடைக்காரர்கூட. வாசலில் பை சோதிப்பார்கள் என்று யாரோ எச்சரித்திருந்ததால், எல்லோரும் எதுவுமே கொண்டுவராமல் வந்திருந்தார்கள். இத்தனை வருசத்தில் முதல் தரம் வெறுங்கையோடு வெளியே வந்திருந்ததில் அவர்களுக்குக் கொஞ்சம் குளிர்வது போல இருந்தது.

மேடையில் மூன்று நீதிபதிகள். நடுவில் இருந்த வயதான வெள்ளைக்காரப் பெண்மணிதான் தலைமை. புதிய மொழிபெயர்ப்பாளர் பருத்தித்துறைக்காரர். பதிவைப் போட்டார்கள். பருத்தித்துறைக்காரர் ஒரு தரம் கேட்டார், சிரிப்பை அடக்கிக்கொண்டு, “பாதுகாப்புக்கு என்று பூட்டைத்தான் சொல்கிறார், கத்தியை அல்ல,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். நீதிபதிகள் எழுதிக்கொண்டார்கள்.

அரசுத் தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். மெலிந்த மனிதர், தடிமன் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். வெட்டிப் பொதி செய்த அப்பிளைக் கடையில் வாங்கலாமே என்று கேட்டார். அது காய்ந்துபோய் இருக்கும் என்றார் தவராசா. பிளாஸ்ரிக் கத்தி? அப்பிளுக்கு ஏலாது. வாழைப்பழம்? டொக்டர் அப்பிள் என்றுதான் சொன்னார். எல்லோரையும் போலக் கடித்துச் சாப்பிட என்ன தடை?

தவராசா நாக்கால் முன்பற்களைத் தடவினார். பின்னால் பிரதாபன் செருமினான்.

“முன்பற்கள் இல்லை,” என்றார் கடைசியில், மிக மெதுவாக. “இருக்கிறது கட்டுப்பல்.”

வழக்கறிஞர் ஒரு தாளை எடுத்தார். “பொலிஸ் நிலையத்தில், செயற்கையாக ஏதும் பொருத்தப்படவில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். அன்றைக்குப் பொய்யா, இன்றைக்குப் பொய்யா?”

தவராசா நகுலேஸ்வரியைத் தேடினார். அவள் முன்வரிசையில் இருந்தாள். கோபமுமில்லை, இரக்கமுமில்லை. வெண்டிக்காயை எடுங்கோ என்று சொன்னபோது இருந்த அதே முகம். அவர் கூண்டில் திரும்பி நின்று, கைலேஞ்சியை எடுத்து, வாயில் விரலை விட்டு, ஐந்து பல்லையும் ஒரே தகட்டில் கழற்றி, நீதிமன்றத்துக்கு உயர்த்திக் காட்டினார்.

பிறகு ஏதோ பேசினார். நீளமாகப் பேசினார். அதில் பாரிசும் வெங்காயமும் இருந்திருக்க வேண்டும். ஆனால் பல்லில்லாமல் அவருடைய தமிழ் காற்றாகத்தான் வந்தது. பருத்தித்துறைக்காரர் குனிந்து கேட்டார், இன்னும் குனிந்தார், பின் நீதிபதியிடம் திரும்பி, சாட்சி பல்லைப் போட்டுக்கொண்டு பேசினால்தான் தன்னால் மொழிபெயர்க்க முடியும் என்றார்.

தலைமை நீதிபதி, தயவுசெய்து போட்டுக்கொள்ளுங்கள், எங்களுக்கு விளங்கிவிட்டது என்றார். அவருக்கு வலப்பக்கம் இருந்த நீதிபதி தன் தாடையை ஒரு தரம் தடவிக்கொண்டார். இருபது நிமிடம் உள்ளே போயிருந்து வந்து, மதியச் சாப்பாட்டுக்கு அப்பிள் வெட்டுவதற்கு இந்த மனிதரிடம் நல்ல காரணம் இருந்தது, குற்றமில்லை என்றார்கள். இனிமேல் பூட்டில்லாத சின்னக் கத்தி வாங்கும்படி புத்தியும் சொன்னார்கள்.

வெளியே வந்தபோது ஒருவரும் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவருடைய வாயைப் பார்த்தார்கள்.

“நாங்கள் என்னவோ எண்டெல்லோ நினைச்சம்,” என்றார் ஜெயகௌரி. குரலில் ஏமாற்றம் இருந்தது.

பிரதாபன் தோளில் கை போட்டான். “அத்தான், இதை முதல்லையே சொல்லியிருந்தால் அந்தப் படத்தை நான் அனுப்பியே இருக்கமாட்டன்.”

“நீ அனுப்பியிருப்பாய்,” என்றாள் நகுலேஸ்வரி.

றொஷானி மான்செஸ்டரில் இருந்து தொலைபேசி எடுத்தாள். முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள், கடைசியில், “அப்பா, நான் பத்து வயசிலேயே பாத்ரூம் கோப்பையிலை கண்டனான்,” என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை அவருடைய வாசலில் ஒரு சின்னப் பயணப்பெட்டி நின்றது. புதன்கிழமை மூன்று. வெள்ளிக்கிழமை பழையபடி ஒருக்களித்துத்தான் கடைக்குள் போக முடிந்தது. பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவர்கள் அவர் வாயைத் திறக்கும் முன்பே சிரித்தார்கள். அவர் மத்தியானம் ஒரு மணிக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனார். இப்போது முன்பக்க வாங்கிலேயே இருந்தார். நகுலேஸ்வரி காலையில் வெட்டி, கறுக்காமல் தேசிக்காய்ச் சாறு தடவி, டப்பாவில் போட்டுக் கொடுத்த அப்பிளைச் சாப்பிட்டார். இவ்வளவு சுலபமான வழி ஒன்று இருந்ததை ஏன் முதலே சொல்லவில்லை என்று அவளைக் கேட்டார். “நீங்கள் எப்ப கேட்டனீங்கள்?” என்றாள்.

ஆவணி மாதம் பாதுகாப்புக் குழு அவரை மீண்டும் செயலாளராக்கியது. குறிப்பு எழுத வேறு ஒருவரும் முன்வரவில்லை. அன்றைக்கு ஒரேயொரு விசயம்தான் பேச இருந்தது. சித்திரையில் நடந்தது நல்ல பலனைத் தந்ததால், வளைவை மீண்டும் அதே இடத்தில், இம்முறை மாதத்துக்கு இரண்டு தரம் வைக்க விரும்புவதாகப் பொலிஸ் எழுதியிருந்தது.

கௌசிகன், வளைவு வைத்தால் வாடிக்கையாளர்கள் தயங்குவார்கள் என்றார். ஜெயகௌரி, சேலைச் சரிகையிலும் உலோகம் இருக்கிறது, மணப்பெண்கள் சங்கடப்படுவார்கள் என்றார். பிரதாபன், தான் இந்தத் தெருக்காரன் இல்லை என்றாலும், ஃபாரஸ்ட் கேட்டிலும் அது வேண்டாம், இல்ஃபோர்ட்டில் வைக்கச் சொல்லலாம் என்றான். பொலிசுக்கு நன்றி தெரிவித்து, வளைவை வேறொரு பொருத்தமான இடத்துக்கு மாற்றும்படி கேட்கத் தீர்மானம் வந்தது. கை உயர்த்தச் சொன்னார்கள். எல்லாக் கையும் உயர்ந்தது, ஒன்றைத் தவிர.

“என்ன அண்ணை, உங்களுக்கு இவ்வளவு நடந்த பிறகுமோ?” என்றார் கௌசிகன்.

“வைக்கட்டுமன்,” என்றார் தவராசா. “எங்களிட்டை என்ன இருக்கு?”

ஜெயகௌரி கைப்பையைக் காலுக்கடியில் தள்ளினார். தவராசா குறிப்பில் ‘ஒருவர் எதிர்த்து வாக்களித்தார்’ என்று எழுதினார். பிறகு யாரோ கொண்டுவந்த உளுந்து வடையைப் பிரித்தார்கள். அது நல்ல மெத்தென்று இருந்தது. அவர் இரண்டு எடுத்தார்.